இருமலுக்குப் பெயர் தெரியுமுன்னே



இம்மடலின் சுகாதாரப் பாடப் பகுதியில் இம்முறை சளி, இருமல், காய்ச்சல் போன்ற சுவாச நோய்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் விதத்தையும், அதைத் தடுக்க வீட்டிலும் ஆலயத்திலும் பள்ளி விடுதியிலும் நாம் செய்யக்கூடியவற்றையும் எழுத விரும்புகிறோம். "சளிக்குக்கூட ஒரு பாடமா?" என்று சிலர் எண்ணலாம். நடுவயதில் இருக்கிற நமக்கு அது ஒரு வாரத் தொல்லை, வந்து போய்விடும். ஆனால் அதே சளி மூன்று மாதக் கைக்குழந்தைக்கோ, சர்க்கரை வியாதியும் இளைப்பும் உள்ள எழுபது வயதுப் பாட்டிக்கோ போய்ச் சேரும்போது சங்கதி வேறு. உலகம் முழுவதிலும் சிறு பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோகும் தொற்றுநோய்களில் நிமோனியாவே முதலிடத்தில் நிற்கிறது. அந்த நிமோனியா பல வீடுகளில், யாரோ ஒருவருக்கு வந்த சாதாரண மூக்கொழுகலில்தான் தொடங்கியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, ஏற்காட்டு மலைப் பக்கத்திலிருந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கினால் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றிலும் மப்ளர் கட்டாத தலையைப் பார்ப்பது அரிது. அந்த மாதங்களில் எங்கள் வெளிநோயாளர் பிரிவின் பெஞ்சுகளில் இருமல் சத்தம் ஓய்வதில்லை. குளிரும் பனியும் சளியைக் கொண்டுவருகின்றன என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். அதிலே பாதி உண்மை உண்டு. குளிருக்குப் பயந்து நாம் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு ஒரே அறையில் எல்லாரும் படுக்கிறோம் அல்லவா? சளிக்கு வேண்டிய வசதி அங்கேதான் கிடைக்கிறது.

சேலத்துக்கு வந்த புதிய பெயர்

2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் இரண்டு பேருக்கு எச்.எம்.பி.வி. என்ற வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது, ஒருவர் சென்னையில், மற்றவர் சேலத்தில் என்று மாநிலச் சுகாதாரத் துறை அறிவித்தது. அதே நாட்களில் பெங்களூரில் இரண்டு குழந்தைகளுக்கு அது இருப்பதாக மத்திய அரசின் அறிவிப்பும் வந்தது. 2020-ஆம் ஆண்டின் கொரோனா நாட்களை யாரும் மறக்கவில்லை. ஆகவே நம் ஊரின் பெயரைத் தொலைக்காட்சியில் கேட்டவுடனே மக்கள் கலங்கியதில் ஆச்சரியமில்லை. ஊரடங்கு மறுபடி வருமா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்றெல்லாம் விசாரித்தார்கள்.

அரசு அன்று சொன்ன பதில் நிதானமானது. இது புதிய வைரஸ் அல்ல, முன்னரே நம்மிடையே சுற்றிவருவதுதான். பெரும்பாலோருக்குத் தானாகவே தீர்ந்துவிடும். நோயாளிகள் இருவரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அது சரியான வார்த்தை. எச்.எம்.பி.வி.யை முதன்முதலில் அடையாளம் கண்டவர்கள் நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானிகள்; ஆண்டு 2001. பாதுகாத்து வைத்திருந்த பழைய இரத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது, 1958-ஆம் ஆண்டிலேயே அந்த நாட்டு மக்களுக்கு இந்த வைரஸ் வந்துபோன அடையாளம் அவற்றில் இருந்தது! ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் அது ஒருமுறையாவது தொட்டுவிடுகிறது என்றும் தெரிந்தது. அப்படியானால் நம்மில் எத்தனை பேர் இதற்கு வெறும் "சளி" என்றே பெயர் வைத்து, மிளகு ரசம் குடித்து எழுந்து போயிருப்போம்!

ஆகவே அந்த ஜனவரியில் சேலத்துக்கு வந்தது ஒரு பெயர்தான். வைரஸ் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது. சில வாரங்களில் செய்தி அடங்கியது. வாங்கிய முகக்கவசங்கள் மேஜை இழுப்பறைக்குப் போயின. அவ்வளவு சீக்கிரம் அவை இழுப்பறைக்குப் போனதுதான் எங்களுக்கு வருத்தம். பயம் தணிந்தது நல்லது. ஆனால் பயத்தோடு வந்த நல்ல பழக்கங்களும் சேர்ந்து போய்விட்டன. சுவாச நோய்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத நாட்களில்தான் பரவுகின்றன. இன்புளூயன்சா காய்ச்சல் உள்ளவர், தமக்கு உடம்பு சரியில்லை என்று உணர்வதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவருக்கு அதைக் கொடுக்கக்கூடும். பரிசோதனை முடிவு வரும்வரை, அறிவிப்பு வரும்வரை காத்திருந்து பிறகு கவனமாயிருப்பவர், ஆடு போன பின்பு பட்டியை அடைப்பவரைப் போல இருக்கிறார்.

சென்னையில் கற்ற பாடம்

இதை நம்முடைய மாநிலத்திலேயே வெகு தெளிவாகக் காட்டிய ஓர் ஆய்வு உண்டு. அது சளியைப் பற்றியது அல்ல, காசநோயைப் பற்றியது. ஆனாலும் காற்றின் வழியாகப் பரவும் நோய் எப்போது பரவுகிறது என்பதை அதிலே கற்கலாம்.

முன்னாட்களில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் அவரை வீட்டைவிட்டுப் பிரித்து சானடோரியத்துக்கு அனுப்புவார்கள். பெருந்துறை சானடோரியத்தை நம் பகுதி முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே இடம் கிடைக்கக் காத்திருந்தவர்கள் ஏராளம். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குடும்பம் முழுவதற்கும் நோய் வந்துவிடாதா என்பதே அன்றைய பெரிய கேள்வி. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கி, நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு வீட்டிலும் மறு பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தன. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு வாழ்ந்தவர்கள். 1959-இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். பின்வந்த ஆண்டுகளில் அவர்கள் குடும்பத்தாரைக் கவனித்தபோது, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக அவர்களுக்கு நோய் வரவில்லை. குடும்பத்துக்கு ஆபத்து முக்கியமாக நேர்ந்தது, நோயைக் கண்டுபிடித்து மருந்து தொடங்குவதற்கு முந்தின நாட்களில்! அந்த மையமே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இதிலிருந்து நமக்கு நேரடியாகக் கிடைக்கும் புத்தி ஒன்று உண்டு. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது சளியா, பீடி இருமலா, தறிப் பட்டறைத் தூசியா என்று வீட்டிலே விவாதித்துக்கொண்டிராமல் சளிப் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இளம்பிள்ளையிலும் அம்மாப்பேட்டையிலும் தறியில் உட்காருகிறவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் சின்ன அறைக்குள் நான்கைந்து பேராக உட்கார்ந்து கொலுசு வேலை செய்கிறவர்கள், தினக்கூலி போய்விடும் என்று மாதக்கணக்காக இருமிக்கொண்டே வேலைக்குப் போவதை நாங்கள் பார்க்கிறோம். அவர்கள்மேல் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஒரு நாள் கூலியை ஈடுசெய்து ஒருவரைப் பரிசோதனைக்கு அனுப்பிவைக்கும் முதலாளி, தம்முடைய பட்டறை முழுவதையும் காப்பாற்றுகிறார்.

மிளகாய் தாளிக்கும் கமறல்

நோய் காற்றிலே எப்படிப் போகிறது? இருமும்போதும் தும்மும்போதும் வெளிவரும் பெரிய துளிகள் ஓரிரண்டு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். ஆனால் மிக நுண்ணிய துகள்கள் விழுவதில்லை, மிதந்துகொண்டே இருக்கும். இருமல் இல்லாமல் வெறுமனே பேசினாலும் பாடினாலும்கூட அவை வெளிவருகின்றன. சமையலறையில் காய்ந்த மிளகாயைத் தாளித்தால் முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் இருமுகிறார் அல்லவா? புகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கமறல் வந்து சேர்ந்துவிடும். நுண்துகள்கள் போகும் வழியும் அதுவே. ஜன்னலைத் திறந்தால் கமறல் அடங்குகிறது. அவையும் அப்படியே கலைந்துபோகின்றன. எந்தக் கிருமி துளியால் பரவுகிறது, எது காற்றால் பரவுகிறது என்று நிபுணர்களுக்குள் பல ஆண்டுகளாக வாக்குவாதம் இருந்தது. 2024-இல் உலக சுகாதார நிறுவனம், பெரிய துளி, சிறிய துளி என்று கறாராகப் பிரிக்காமல், சுவாசத்தில் வெளிவரும் எல்லா அளவுத் துகள்களும் தொற்றைச் சுமக்கக்கூடியவை என்று ஒரே சொல்லால் குறிக்க முடிவு செய்தது.

பாடகர் குழுவில் இருக்கிறவர்கள் ஒரு சம்பவத்தை அறிந்துகொள்வது நல்லது. 2020 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்காஜிட் என்ற பகுதியில் ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒத்திகைக்குக் கூடினார்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் ஜலதோஷம் போன்ற சிறு உபாதை இருந்தது. பின்வந்த நாட்களில் மற்ற 60 பேரில் 32 பேருக்குக் கொரோனா உறுதியாயிற்று. இன்னும் 20 பேருக்கு அதுவாகவே இருக்கலாம் என்று கணித்தார்கள். இரண்டு பேர் மரித்துப்போனார்கள். அந்த ஒருவர் தீங்கு நினைத்து வந்தவர் அல்ல. ஒத்திகையைத் தவறவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் வந்திருப்பார். நம்முடைய சபைகளிலும் அப்படித்தானே? டிசம்பரில் கீத பவனிக்குத் தொண்டை கட்டிய நிலையிலும் வந்து நிற்பதை ஊக்கம் என்று பாராட்டுகிறோம். அவர் வேனுக்குள் இருபது பேரோடு நெருக்கி உட்கார்ந்து, ஏழெட்டு வீடுகளில் கூடத்துக்குள் நின்று பாடி, கடைசியில் அந்த வீட்டுப் பெரியவரின் கட்டிலருகே நின்று ஜெபித்துவிட்டு வருகிறார். சளி உள்ளவர் அந்த ஒரு வாரம் பாடாமல் வீட்டில் இருக்கும்படி குழுத் தலைவரே அன்பாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இராது. வாசலில் நின்று பாடுவதும் அழகுதான். காற்றோட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பழைய மிஷன் ஆஸ்பத்திரிகளின் வார்டுகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் உயர்ந்த கூரையும், எதிரெதிரான பெரிய ஜன்னல்களும் நினைவிருக்கும். கட்டியவர்கள் வெயிலுக்காக மட்டும் அப்படிக் கட்டவில்லை. அசுத்தக் காற்று வெளியேற வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்துவைத்த அறைகளில் மணிக்கு நடுத்தரமாக 28 முறை காற்று மாறியது. இயந்திரம் வைத்துக் காற்றை மாற்றும் நவீன அறைகளில் 12 முறைதான்! ஐம்பது வருஷத்துக்கு முன் கட்டிய உயர்கூரை வார்டுகள் புதிய கட்டடங்களைவிட நன்றாகவே இருந்தன. ஏ.சி. போடுவதே முன்னேற்றம் என்று நினைக்கும் இந்நாட்களில் இது யோசிக்கவேண்டிய காரியம். வீட்டு ஏ.சி. பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே மறுபடி மறுபடி குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

"ஜன்னலைத் திறந்தால் கொசு வருகிறதே" என்பது நியாயமான கேள்வி. டெங்கு உள்ள ஊரில் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஜன்னலுக்குக் கொசு வலை அடித்துவிட்டால் இரண்டுக்கும் வழி உண்டாகும். தகரக் கூரை போட்ட ஒற்றையறை லைன் வீடுகளில் ஜன்னலே இராது. அங்கே பகலில் கதவைத் திறந்து வைப்பதும், இருமுகிறவர் இரவில் கதவோரமாகப் படுப்பதும், அவரும் குழந்தையும் தலைமாற்றிப் படுப்பதும் ஆகக்கூடியவை.

பாப்பா இருக்கும் வீடு

இனி எங்களுக்கு அதிக பாரமான காரியத்துக்கு வருகிறோம். கைக்குழந்தையின் சுவாசக் குழாய்கள் மிகக் குறுகலானவை. பெரியவருக்கு மூக்கடைப்பாக நிற்கிற சளியே குழந்தைக்கு அந்தச் சிறு குழாய்களை அடைத்து மூச்சுத்திணறலாகிவிடும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், இருதயக் கோளாறு உள்ள பிள்ளைக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

குழந்தைக்கு நோய் வெளியிலிருந்து வருவதில்லை, வீட்டார்தான் கொண்டுவருகிறோம். பால்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போகும் அண்ணனும் அக்காவும் முதலில் கொண்டுவருகிறார்கள். அடுத்ததாக, பிள்ளை பிறந்திருக்கிறது என்று கேட்டு ஆசையோடு பார்க்க வருகிற உறவினர்கள். அவர்கள் வந்ததும் கையில் வாங்கி முத்தம் கொடுப்பார்கள். சளி இருக்கிறவரிடம் "கொடுக்காதீர்கள்" என்று சொல்லப் பெற்ற தாய்க்கு வாய் வராது. மாமியார், நாத்தனார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். ஆகையால் இதை வீட்டுப் பெரியவர்களே சொல்லவேண்டும். கை கழுவிவிட்டு வாருங்கள், தூரத்திலிருந்து பாருங்கள், சளி தீர்ந்ததும் வந்து தூக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பாட்டி சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் சில நாட்கள் அந்நியரை அண்டவிடாத பழைய வழக்கத்துக்குத் தீட்டு என்று காரணம் சொன்னார்கள். காரணம் எதுவாயிருந்தாலும் குழந்தைக்கு அதில் லாபம் இருந்தது. ஆனால் அதே வழக்கம் தாயையும் பிள்ளையையும் ஜன்னல் அடைத்த இருட்டறையில் வைத்துச் சாம்பிராணிப் புகையும் போட்டது, அது நஷ்டம். புகை, சாம்பிராணியானாலும் விறகடுப்பானாலும் கொசுவர்த்திச் சுருளானாலும் பீடியானாலும், குழந்தையின் நுரையீரலைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று. எங்கள் குழந்தைகள் பிரிவில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது.

"ஏனுங்க அம்மாயி, பாப்பாவைக் குளிப்பாட்டும்போது மூக்குல எண்ணெய் விட்டீங்களா?"

"விட்டேனுங்க சிஸ்டர். ரெண்டே சொட்டு. அப்புறம் சளி வெளிய வரட்டும்னு மூக்கை ஊதிவிட்டேன். எங்கம்மா காலத்துல இருந்து செய்யறதுதானுங்க."

அம்மாயியின் பாசத்தில் குறை இல்லை. ஆனால் மூக்கில் விட்ட எண்ணெய் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கினால், அங்கே அது கரைந்து வெளியேறுவதில்லை. தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்குகிறது. அந்த நிமோனியாவுக்கு மருந்து கொடுத்துக் குணமாக்குவது கடினம். வாயால் ஊதும்போதோ பெரியவர் வாயிலிருக்கும் கிருமி முழுவதும் நேரே குழந்தையின் மூக்குக்குள் போகிறது. எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது நல்லதே. அதைத் தாராளமாகச் செய்யலாம். மூக்கிலும் காதிலும் தொண்டையிலும் மட்டும் வேண்டாம். மூக்கடைத்தால் மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு போதும்.

தாய்ப்பால் முதல் ஆறு மாதம் தனி உணவாகக் கொடுக்கவேண்டும். தாய்க்கே சளி வந்தாலும் பாலை நிறுத்தக் கூடாது. தாய் முகக்கவசம் கட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு பால் கொடுக்கலாம். அந்தப் பாலிலேயே குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியும் போகிறது. சிறு பிள்ளைகளுக்கு அண்டாவில் ஆவி பிடிக்க வைத்து வெந்நீர் கொட்டி வெந்துபோய்க் கொண்டுவரப்படும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள், மறுபடி அந்த வைத்தியத்தைச் சிபாரிசு செய்ய மாட்டார்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் தேன் இருமலுக்கு இதமாயிருக்கும். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கவும் கூடாது.

கையும் சோப்பும்

காற்றைப் பற்றி இவ்வளவு சொன்னோம். கை சும்மா இருப்பதில்லை. மூக்கைத் துடைத்த கை கதவுத் தாழ்ப்பாளைத் தொடுகிறது, கைபேசியைத் தொடுகிறது, குழந்தையின் கன்னத்தைத் தொடுகிறது. பாகிஸ்தானில் கராச்சி நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வீடுகளுக்கு சாதாரண சோப்பைக் கொடுத்து, வாரந்தோறும் போய்க் கை கழுவும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். சோப்புக் கிடைத்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்துவிட்டது. 2005-இல் வெளிவந்த அந்த ஆய்வில் கிருமிநாசினி சேர்ந்த விலை உயர்ந்த சோப்புக்கும் சாதாரண சோப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து அதிகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. நம் ஊரில் கோடையில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை என்பதை அறிவோம். ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினாலும் காரியம் நடக்கும். தேய்க்கிற நேரத்தில் குறைக்காதீர்கள்.

இருமும்போது உள்ளங்கையைக் குவித்து வாயை மூடுவது மரியாதை என்று கற்றிருக்கிறோம். அதைவிட முழங்கை மடிப்பிலோ, தோள் துண்டிலோ, சேலைத் தலைப்பிலோ இருமுவது நல்லது. அந்தத் துண்டை அன்றன்றே துவைத்து வெயிலில் போடவேண்டும். அதே துண்டால் பிள்ளைக்கு முகம் துடைக்கக் கூடாது. முகக்கவசம் முதலில் இருமுகிறவருக்கே வேண்டும். பஸ்ஸிலும், மருத்துவமனை வரிசையிலும், முதியவர் இருக்கும் வீட்டிலும் அதைக் கட்டிக்கொண்டால், பெரிய வியாதிக்காரர் என்று யாரும் எண்ணப்போவதில்லை. அந்த அளவுக்காவது கொரோனா நம்மைப் பழக்கிவிட்டது.

திருவிருந்திலே ஒரே பாத்திரத்தில் பருகும் சபைகளில், சளியுள்ளவர் அந்த ஒரு முறை அப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்வது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. போதகர்களோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒரு கூடத்தில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் படுக்கிறார்கள். பரீட்சைக்கு ஒரு நாளும் விடக்கூடாது என்று காய்ச்சலோடே வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். ஒரு பிள்ளையின் காய்ச்சல் ஒரு வாரத்தில் விடுதி முழுவதையும் படுக்க வைத்துவிடும். அப்போது நஷ்டமாகும் பாட நாட்கள் எத்தனை! நோயுற்ற பிள்ளைகளுக்குத் தனியறை உண்டா, அதற்கு ஜன்னல் உண்டா என்று, கட்டணம் கட்டும் நாளிலே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசியும் மருந்தும்

"ஒரு ஊசி போட்டால் நின்றுவிடும்" என்று கேட்டு வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. சாதாரண சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதைத் தொடுவதில்லை, மற்றவருக்குப் பரவுவதையும் தடுப்பதில்லை. தேவையில்லாமல் தின்றால், தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமல் போகலாம்.

வருமுன் காக்கும் ஊசிகள் வேறு. ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் அரசுத் திட்டத்தில் கொடுக்கத் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும். அது ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில். நிமோகாக்கல் நிமோனியாவுக்கான தடுப்பூசி 2021 ஜூலையில் நம் மாநிலத்தில் இலவசமாக வந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம். ஒன்பதாம் மாத ஊசியைத்தான் பல தாய்மார் மறந்துவிடுகிறார்கள். பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு வரும்போது தடுப்பூசி அட்டையும் கூடவே வரட்டும். வயது முதிர்ந்தவர்களும், சர்க்கரை, இருதயம், ஆஸ்துமா உள்ளவர்களும் வருடந்தோறும் போட்டுக்கொள்ளும் இன்புளூயன்சா ஊசியைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

மூச்சை எண்ணுதல்

எவ்வளவு கவனமாயிருந்தாலும் சில சளிகள் குழந்தைக்கு வந்தே தீரும். எது வீட்டில் தீரும், எது மருத்துவமனைக்கு வரவேண்டியது என்று எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேலும் எண்ணிக்கை வந்தால் அது வெறும் சளி அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டவேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-க்கு அழைத்து இரவிலேயே புறப்பட்டு வாருங்கள்.

இதை வாசித்து அறிவதைவிட ஒருமுறை செய்து பார்ப்பது எளிது. உங்கள் சபையின் பெண்கள் கூட்டத்திலோ, மகளிர் சுய உதவிக் குழுவிலோ ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூச்செண்ணிக் காட்டித்தர எங்கள் செவிலியர் வருவார்கள். அரை மணி நேரமும், விநாடி முள் உள்ள ஒரு கடிகாரமும் போதும். பாட்டிமார்களையும் தவறாமல் அழைத்து வையுங்கள்.